கேட் திறக்கும் நேரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். மாற்றுத்திறனுள்ள ஒரு குழந்தையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, அதற்கு எப்படித் திட்டம் போடுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் ஸ்கூட்டரில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிச் சுற்றியே உத்தியோகத்தை முடித்தவள். முதுகுவலிதான் மிச்சம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தச் சுற்றலில் நான் அதிகம் பார்த்தது பயத்தை. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

சிறப்பு ஆசிரியர் என்று உங்களையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் போடுவார்கள். ஒரு பக்கம் அப்பா, அம்மா. இன்னொரு பக்கம் ஹெச்.எம். நடுவில் நீங்கள். ஆளாளுக்குச் சத்தமாகப் பேசுவார்கள். அந்தச் சத்தத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு நீங்களும் குதிக்காதீர்கள். அந்த அறையில் பயப்படாத ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். யாருக்கு எதன்மேல் பயம் என்று கண்டுபிடித்த பிறகு வாயைத் திறந்தால் போதும். அதுவரை கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருங்கள்.

யாழினி என்று ஒரு பெண் குழந்தை. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம் உண்டு. பேச்சு கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் அ, ஆ எழுதுவாள். நோட்டு நிறைய எழுதிவிட்டு, முடிந்ததும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு ஒரே ஒரு பழக்கம்தான் ஆபத்து. திறந்த கதவைப் பார்த்தால் வெளியே போய்விடுவாள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. கதவு திறந்திருக்கிறது, போகிறாள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே தார் ரோடு. ரோட்டைத் தாண்டினால் கரும்புக் கொல்லை. கொல்லையின் இடதுபக்கம் ஏரி வாய்க்கால். மதியச் சாப்பாடு மத்திய சமையல்கூடத்திலிருந்து வேனில் வரும். வேன் உள்ளே வர கேட்டைத் திறப்பார்கள், பாத்திரங்களை இறக்கி முடிக்கும்வரை அது திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் யாழினி ரோடுவரைக்கும் போய், யாரோ பிடித்துக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். அது தெரிந்துதான் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள்.

அம்மா சங்கீதா கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். "எங்க புள்ளைக்குத் தனி ரூம் வேணாம் மேடம், தனி மிஸ்ஸும் வேணாம். வேன் வர்ற நேரத்துல ஒருத்தர் அவ கைய புடிச்சிகினு இருந்தா போதும்" என்றாள். ஹெச்.எம். அம்மா, "பார்க்கலாம்மா" என்றார். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் அப்பா முருகவேல் ஒரு காரியம் செய்தார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். தொகுதி சின்னது, எம்.எல்.ஏ. வீடு பைக்கில் ஒரு எட்டு. ரேஷன் கார்டா, காலேஜ் சீட்டா, மாமனார் மருமகன் சண்டையா, காலையில் அங்கே போய் நின்றால் ஆச்சு. "நீ இன்னாத்துக்கு ஸ்கூல்ல போயி கெஞ்சிகினு கெடக்குற, அங்க ஒரு வார்த்த சொல்லிட்டு வாடா" என்று அவருடைய அண்ணன் ஏற்றிவிட்டிருக்கிறார். இவரும் போய்ச் சொல்லிவிட்டார். அங்கிருந்து ஒருத்தர் பள்ளிக்கு போன் போட்டு, "பாத்து செய்ங்க மேடம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மிரட்டல் எல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினாராம்.

ஆனால் அந்த ஹெச்.எம். அம்மாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விட்டது. நல்ல மனுஷி. பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளியில் பால் ஊற்றும்போது பக்கத்தில் நின்று, குடிக்காத பிள்ளையைத் தாஜா செய்து குடிக்க வைப்பார். ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு மெமோ கிடையாது டீச்சர். நாளைக்கு அந்தப் பொண்ணு ரோட்டுல போயி எதாவது ஆச்சுன்னா, மேல இருந்து போன் வந்துச்சே, அப்பவும் கவனிக்கலையான்னு என்னைத்தானே கேப்பாங்க" என்றார். அந்தப் பயத்தில் ஒரு தாளை டைப் செய்து வைத்துவிட்டார். குழந்தைக்கு என்ன நேர்ந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்று பெற்றோர் எழுதிக்கொடுக்கிற தாள். அதில் கையெழுத்துப் போடத்தான் அவர்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். என்னையும் சாட்சிக்கு உட்காரவைத்தார்.

முருகவேல் உடனே பேனாவைக் கேட்டார். பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்பது அவர் பயம். சங்கீதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்த போட்டுக் குடுத்தா அப்புறம் யாரும் அவளப் பாக்கவே மாட்டாங்க. பொறுப்பு இல்லன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டு, பாத்துக்கோங்கன்னு எந்த வாயால கேக்குறது?" என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "டி.சி. குடுத்துட்டா இன்னாடி பண்ணுவ?" என்றார். ஹெச்.எம்., "நான் டி.சி. குடுப்பேன்னு சொன்னேனா?" என்று குரலை உயர்த்தினார். நான் சமாதானம் பேச வாயெடுத்தேன். யாருக்குப் பொறுப்பு, யாருக்குப் பொறுப்பில்லை என்று நாங்கள் நாலு பேரும் அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சாப்பாட்டு வேன் வந்தது.

வகுப்பு மிஸ் ஓடி வந்து கதவைத் தட்டினாள். சின்னப் பெண், கான்ட்ராக்டில் வந்தவள். உள்ளே எட்டிப் பார்த்து, அங்கே யாழினி இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "உங்ககூட இல்லையா? அப்பா அம்மா வந்திருக்காங்களே, உங்ககிட்டதான் வந்துருப்பான்னு நெனச்சேன்" என்றாள். அவள் நினைத்தது நியாயம்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வெளியே ஓடினோம். வேனின் பின்கதவு திறந்திருந்தது, சாம்பார் பாத்திரம் பாதி இறக்கியிருந்தது, கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. ரோட்டைத் தாண்டிக் கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. அவளுடையதுதான்.

முருகவேல் "யாழினி" என்று கத்திக்கொண்டு கொல்லைக்குள் புகப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு, வெட்டுக்குத் தயாராக நின்றது. உள்ளே போனால் ஒரு கை தூரத்துக்கு அப்பால் தெரியாது. அப்போதுதான் நான் கொல்லையின் மறுகோடியைப் பார்த்தேன். புகை. பக்கத்துக் கொல்லையில் வெட்டு முடிந்துவிட்டது, கீழே கிடக்கும் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்த ஆரம்பித்திருக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஒரு பக்கம் நெருப்பு. நடுவில் கூப்பிட்டால் பதில் சொல்லாத ஒரு குழந்தை. கையில் இருப்பது நாலைந்து ஆட்கள். செருப்பு என்னவோ கரும்பைக் காட்டுகிறது. எல்லோருடைய காலும் கரும்புக்குள்தான் போகப் பார்க்கிறது, என் காலும் சேர்த்துத்தான்.

நான் முருகவேலைப் பிடித்து நிறுத்தி, "நீங்க வாய்க்காலுக்குப் போங்க. கரையோரமாவே போங்க, கத்தாதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதுவரை மிஸ், மிஸ் என்று கூப்பிட்ட மனுஷன், "செருப்பு இங்க கெடக்குது, நீ இன்னா தண்ணிக்குப் போவ சொல்ற?" என்று பாய்ந்தார். "கரும்புக்குள்ள இருந்தா அவ உசுரோட இருப்பா. தண்ணில விழுந்திருந்தா நேரம் இல்ல. போங்க" என்றேன். அதைச் சொன்ன பிறகு என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது, அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவர் ஓடினார். வேன் டிரைவரிடம், ரோட்டு வழியாகச் சுற்றிப் போய் எப்படியாவது அந்த நெருப்பை நிறுத்தச் சொன்னேன். அவர் பாத்திரத்தைக்கூட இறக்கி முடிக்காமல் வண்டியைத் திருப்பினார், சாம்பார் வழியெல்லாம் சிந்தியது.

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். பைக், பைக்காக வந்து இறங்கினார்கள். ஒருத்தர் ஹாரனை அடித்துக்கொண்டே கொல்லை ஓரமாக ஓட்டினார். இன்னொருத்தர், "கோயில் மைக்குல சொல்லச் சொல்லட்டுமா?" என்றார். பெண்கள் நாலு பக்கமும் நின்றுகொண்டு யாழினி, யாழினி என்று கூவினார்கள். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் அந்தக் குழந்தை மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள். இவர்கள் கத்தக் கத்த, சத்தம் இல்லாத பக்கமாகப் போவாள். சத்தம் இல்லாத பக்கம் எது? புகை வருகிற பக்கம்.

நான் ரோட்டு நடுவில் நின்று, "எல்லாரும் வாய மூடுங்க. வண்டிய நிறுத்துங்க. மைக்கு வேணாம்" என்று கத்தினேன். "யாரு இந்தம்மா, புள்ளயக் காணோம்னு தேட வந்தா வாய மூடுன்றாங்க" என்று ஒரு பெரியவர் முறைத்தார். எனக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. சங்கீதாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். மகள் பேரைக் கூப்பிடாமல் இருப்பதற்காகத் திணித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை.

உங்களுக்கு அந்த அமைதி எப்படி இருந்தது என்று சொல்லவே முடியாது. காற்றடித்தால் கரும்பு சும்மா இருக்காது. சோகை உரசுகிற ஒவ்வொரு சத்தமும் குழந்தை நடக்கிற சத்தமாகக் கேட்டது. வாய்க்கால் பக்கத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. சேதி வராமல் இருப்பது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. நான் தப்பு செய்துவிட்டேனோ, இத்தனை பேரையும் உள்ளே இறக்கிவிட்டிருக்க வேண்டுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. சங்கீதா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எனக்கு வலித்தது, விடு என்று சொல்லத் தோன்றவில்லை.

ஹெச்.எம். அம்மா எங்கே என்று அப்போதுதான் கவனித்தேன். அவருக்கு முட்டிவலி, நாலு படி ஏறுவதற்கே மூச்சு வாங்கும். நாங்கள் ரோட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பாட்டுக்கு வரப்பு வழியாகக் கொல்லையைச் சுற்றி நடந்திருக்கிறார். பாதி தூரத்தில் கால் ஒத்துழைக்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டி மறுகோடியில் புகை. அவர் எங்களைப் பார்த்து ஒரு கையை மட்டும் லேசாகத் தூக்கினார், வராதீர்கள் என்பது மாதிரி. உற்றுப் பார்த்தால், அவருக்கு எதிரே கரும்பின் முதல் வரிசைக்குள் யூனிஃபார்ம் துணி தெரிந்தது.

யாழினி உள்ளேதான் இருந்திருக்கிறாள். வெளியே வந்து பார்த்தபோது அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான். கிட்டே வந்து, போகலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். அவர் கூப்பிட்டால் ஓடிவிடுவாள். எட்டிப் பிடிக்கப் பார்த்து, பிடி நழுவினாலும் ஓடிவிடுவாள். ஓடினால், இத்தனை ஆள் நிற்கிற ரோட்டுப் பக்கம் வர மாட்டாள், நெருப்புப் பக்கம்தான் ஓடுவாள். அதனால் அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இடையில் புகை வந்து இரண்டு பேரையும் மறைத்தது. எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவர் சாமி பேரை முணுமுணுத்தார்.

சங்கீதாவின் கையை என் மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். "ஓடாத. நட" என்று மட்டும் சொன்னேன். அவள் நடந்தாள். பெற்ற பிள்ளை புகைக்குள் நிற்கும்போது ஒரு தாய் ஓடாமல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். போய், மகளைப் பார்க்காமல், ஹெச்.எம். பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து யாழினி வெளியே வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள். கை, கன்னமெல்லாம் சோகை கிழித்த கீறல். டிரைவர் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு பாதிக்கு மேல் பிடித்திருந்தது, வெட்டு ஆட்கள் பச்சைத் தோகையால் அடித்து அடித்து நிறுத்தினார்கள். கொஞ்ச தூரம் எங்கள் பக்கத்துக் கரும்பும் கருகியது.

யாழினியை ரோட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, முருகவேல் இடுப்பு வரைக்கும் சேறாக வந்தார். மகளைப் பார்த்ததும் அடிக்கக் கை ஓங்கினார். சங்கீதா குறுக்கே கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

இவ்வளவு சொன்னதும் கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் குழந்தை காப்பாற்றப்பட்ட அந்த நேரம்தான் அவள் படிப்புக்கு ஆபத்தான நேரம். எல்லோருடைய பயமும் ஒன்றாகச் சேர்ந்து, இவள் இங்கே வேண்டாம் என்று முடிவெடுப்பது அப்போதுதான். நான் எத்தனையோ பிள்ளைகளை அப்படி வீட்டுக்கு அனுப்பக் கண்டிருக்கிறேன். அதனால் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது.

திரும்ப ஹெச்.எம். அறைக்குள் உட்கார்ந்தோம். யாழினி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். முதலில் பேசியது முருகவேல். "வேணாம் மேடம். டி.சி. குடுத்துடுங்க. நான் வூட்டுலயே வெச்சிக்கிறேன். என்னால முடியாது. நான் ஷிப்டுல நின்னுகினு இவ எங்க இருக்காளோன்னு நெனச்சிகினு இருந்தா மிஷின்ல கைய வுட்டுடுவேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வகுப்பு மிஸ் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

சங்கீதா, "வூட்டுல வெச்சிகினா?" என்றாள். "வூட்டுக்குக் கதவு இல்லையா? வாய்க்கா நம்ம வூட்டுப் பின்னாலதான் போவுது. இங்க எழுதுறா, பால் குடிக்கிறா. அங்க கதவ சாத்திகினு நானும் அவளும் ஒக்காந்திருக்கணும். எத்தினி வருசம் ஒக்காந்திருப்போம்?"

எல்லோரும் ஹெச்.எம். அம்மாவைப் பார்த்தோம். அவர் முகத்தில் கரி ஒட்டியிருந்தது. அப்பாவே கேட்டுவிட்டார், டி.சி. கொடுத்தால் அவருக்கு மெமோவும் இல்லை, பயமும் இல்லை. அவர் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மேஜையில் கிடந்த அந்த டைப் செய்த தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு டீச்சர். வாயத் தொறந்தா அவ போயிடுவா. அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா" என்றார். பிறகு முருகவேலிடம், "எனக்குப் பயமாத்தான் இருக்கு. நாளைக்கும் பயமாத்தான் இருக்கும். இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. வேன் வர்றப்ப அவ என்கூட இருப்பா. என் கையில இருப்பா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகவேல் கும்பிட்டார். அறையில் எல்லோருக்கும் அப்பாடா என்று மூச்சு வந்தது. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

சங்கீதா கேட்டாள்: "நீங்க லீவு போட்டா யாரு மேடம்?"

ஹெச்.எம். அம்மா முகம் சுருங்கியது. இவ்வளவு சொன்ன பிறகும் இவளுக்கு நம்பிக்கை இல்லையே என்ற வருத்தம். "ஏய், சும்மா இருடி" என்றார் முருகவேல். மூலையில் இருந்த வகுப்பு மிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேடம் லீவுன்னா நான் பாத்துக்கறேன் அக்கா" என்றாள்.

"நீங்களும் வரலன்னா?"

யாரோ சிரித்தார்கள். நானாகக்கூட இருக்கலாம், அவ்வளவு பயத்துக்குப் பிறகு சிரிப்பு சும்மாவே வரும். சங்கீதா சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெயர் வரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.